பாடகியும் நடிகையுமான கே.பி.சுந்தராம்பாள் பற்றிப் பிள்ளைகள் பேச, அவர் கணவர், நாடக நடிகர் கிட்டப்பாவோடான காதல் கதையைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. பேச்சுப் போட்டிக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன், அதுவும் நாளைக்கே போட்டியாக இருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது.

என் மகள் எட்டாவது படித்தபோது இதே தலைப்பு வந்தது. நாங்கள் கரூர்ப் பக்கம், சுந்தராம்பாளின் ஊரான கொடுமுடி கூப்பிடு தூரம். அதனால் ஆசையோடு நானே எழுதிக் கொடுத்தேன். சிறுவயதில் வறுமை, ரயிலில் பாட்டுப் பாடிக் காசு வாங்கிய பிள்ளை, அப்புறம் நாடகக் கம்பெனி. பெயருக்கு முன்னால் இருக்கும் 'பி' அவருடைய அம்மா பாலாம்பாள் என்பதையும் சேர்த்திருந்தேன். மைக் இல்லாத காலம், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி விடிய விடியப் பாட வேண்டும்.

கிட்டப்பாவும் வந்தார், ஆனால் ஒரே பத்தியில். 1933 இல் அவர் இறந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அதன் பிறகு இந்த அம்மா வெள்ளை உடுத்தினார், எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று இருந்தார். சரி, அது அவருடைய முடிவு. அதைக் குறை சொல்ல நான் யார்? கிட்டப்பா ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம், அவர் குரலுக்கு நானும் அடிமைதான்.

நான் அழுத்தி எழுதியது வேறு. 1935 இல் 'நந்தனார்' படத்துக்கு சுந்தராம்பாள் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். நடிக்க மனமில்லாமல், ஆளை விட்டால் போதும் என்று அந்தத் தொகையைக் கேட்டாராம், படம் எடுத்தவர்களும் சரி என்றுவிட்டார்களாம். பவுன் முப்பது ரூபாய்க்குக் கீழே விற்ற காலம் அது! படத்தில் நந்தனாரே அவர்தான், ஆண் வேடம். நந்தனாரின் எஜமானரான வேதியராக வந்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். கணவர் போன இரண்டே வருடத்தில் ஒரு பெண் இதைச் செய்திருக்கிறார்.

பள்ளியில் பொறுப்பாக இருந்த டீச்சர் இந்தப் பகுதியை முழுக்க அடித்துவிட்டார். "காசு பணமெல்லாம் குழந்தை வாயில் வர வேண்டாம், தியாகத்தைப் பற்றிப் பேசட்டும்" என்றார். காங்கிரஸ் மேடைகளில் பாடியது, 1958 இல் சட்ட மேலவைக்குப் போனது, இரண்டுமே போயின. அரசியலாம்! பிறகு மிச்சம் என்ன, காதலும் வெள்ளைப் புடவையும்தான். ஆண் நடிகர் யாருக்காவது இப்படி எழுதுவார்களா? அவர்களுக்கு மட்டும் சம்பளம், கட்சி, பதவி எல்லாம் சொல்லலாம். பணம்தான் பெருமை என்று நான் சொல்வதாக யாராவது கிளம்புவீர்கள். உழைத்துச் சம்பாதித்ததை மறைக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

    

உங்கள் பிள்ளைக்கு வருவோம். நந்தனாரில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அடுத்து 1953 இல் ஜெமினி ஸ்டுடியோவின் 'ஔவையார்' படம், 1965 இல் 'திருவிளையாடல்'. 'பழம் நீயப்பா' என்று ஒரு வரி பாடிக் காட்டினால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். 1970 இல் பத்மஸ்ரீ. கொடுமுடியில் சொந்தமாகத் தியேட்டர் கட்டியதையும் சேருங்கள். எழுதியதைப் போட்டிக்கு முன்னால் யாரிடமும் திருத்தக் கொடுக்காதீர்கள்.