ஆண்டிமனி எங்கே பிடிக்கிறது?

வணக்கம் அக்கா,

நான் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன், வீடு வெள்ளவத்தை. அநுராதபுரத்தில் வேலை செய்யும் சித்தப்பாவுக்கு முழங்கையில் ஆறாத புண். லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியால் வந்தது என்று சொல்லி, வாராவாரம் புண்ணின் விளிம்பில் ஊசி போடுகிறார்கள். மருந்தில் இருப்பது ஆண்டிமனி என்ற, உலோகம் போன்ற தனிமமாம். அது கிருமியை என்ன செய்கிறது? மருந்து பிடிக்கும் கிருமியின் நொதியத்தைப் படமாகப் பார்த்தால் தெரியும் என்கிறார்கள். உயர்தரத்தில் படித்த 'பூட்டும் சாவியும்' கதைக்கு மேல், அசையாத ஒரு படம் என்னதான் சொல்லும்?

அன்புள்ள தங்கச்சி,

முதலில், சித்தப்பா ஊசியை இடையில் நிறுத்தாமல் போட்டு முடிக்கட்டும்.

உங்கள் சந்தேகம் நியாயமானது. சும்மா இருக்கும் நொதியத்தின் படம் அதிகம் பேசாது. வேலையின் நடுவில் பிடித்து நிறுத்தினால்தான் பேசும். சில நேரம் அந்தப் பிடியைத் தருவதே மருந்துதான்.

லீஷ்மேனியா நம் வெள்ளணுக்களுக்குள் இருந்துகொண்டே தாக்குப்பிடிக்க, டிரைபனோதயோன் என்ற சிறு மூலக்கூறை நம்பியிருக்கிறது. பயன்படுத்திய டிரைபனோதயோனைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது டிரைபனோதயோன் ரிடக்டேஸ் என்ற நொதியம். அதன் வேலை நடக்கும் குழிக்குள், புரதச் சங்கிலியின் 52ஆம், 57ஆம் இடங்களில், கந்தகம் கொண்ட சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் இரண்டு. அவற்றின் கந்தகங்கள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். இலத்திரனைச் சுமந்து வரும் என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறிடமிருந்து இலத்திரன் வந்து சேர்ந்ததும் அந்தப் பிணைப்பு விட்டுப்போகும். அப்புறம் 52ஆம் கந்தகம் டிரைபனோதயோனைத் தாக்கும்.

ஊசியில் போகும் ஐவலு ஆண்டிமனி மூவலுவாக மாறித்தான் வேலை செய்கிறது. 2009இல் ரோமிலுள்ள ஒரு குழு, இந்த நொதியத்தை என்ஏடிபிஎச்சோடும் மூவலு ஆண்டிமனியோடும் சேர்த்துப் பளிங்காக்கி எக்ஸ் கதிரில் பார்த்தது. ஆண்டிமனி அந்த இரண்டு கந்தகங்களுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தது. 335ஆம் இடத்துத் திரியோனீன், 461ஆம் இடத்து ஹிஸ்டிடீன் என்ற வேறு இரண்டு அமினோ அமிலங்களும் அதைச் சேர்த்துப் பிடித்திருந்தன. கந்தகங்கள் பிரிந்த பிறகுதானே அங்கே இடமே கிடைக்கும்? அப்படியென்றால் நொதியம் வேலைக்குத் தயாராகும் கட்டத்தில்தான் மருந்து அதைப் பிடிக்கிறது. வேலை நடக்கும் விதமும் நிற்கும் விதமும் ஒரே படத்தில் தெரிந்துவிட்டன. ஆண்டிமனி கிருமியைத் தாக்கும் வழிகளில் இது ஒன்று. இந்தப் படம் எனக்கு மிகவும் பிடித்தது.

ஆனால் நம் உடலில் இதே மாதிரி வேலையைக் குளுட்டதயோன் என்ற மூலக்கூறுக்குச் செய்யும் குளுட்டதயோன் ரிடக்டேஸிலும் இதே மாதிரி இரண்டு சிஸ்டீன்கள் உண்டு. இரண்டு நொதியங்களும் வேறுபடுவது குழியின் சுவரில். குளுட்டதயோன் மறையேற்றம் உள்ளது, அதனால் நம் நொதியத்தின் சுவரில் நேரேற்றமுள்ள அர்ஜினீன் என்ற அமினோ அமிலங்கள். டிரைபனோதயோன் நேரேற்றம் உள்ளது. ஒட்டுண்ணியின் சுவரில் அந்த அர்ஜினீன்கள் இல்லை. நம்மிடம் 34ஆம் இடத்தில் ஏற்றமில்லாத அலனீன் இருக்க, அதற்கு நேரான இடத்தில் ஒட்டுண்ணியிடம் மறையேற்றமுள்ள குளுட்டமேட். ஆண்டிமனி பிடிப்பது பொதுவான இடத்தை. புதிய மருந்து பிடிக்க வேண்டியது இந்தச் சுவரை என்பதே என் எண்ணம்.

இந்த அமைப்புகள் எல்லாம் புரதத் தரவு வங்கி (Protein Data Bank) என்ற இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. திறந்து, சுழற்றிப் பாருங்கள். நொதியம் இரண்டு புரதச் சங்கிலிகள் சேர்ந்தது. அந்த 461ஆம் ஹிஸ்டிடீன் எந்தச் சங்கிலியிலிருந்து நீண்டு வருகிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா