காப்பகத்துப் பிள்ளைகளுக்கு மதியம் என்ன கொடுக்கலாம்?

காட்பாடியில் 2 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்குக் காப்பகம் நடத்துகிறீர்கள், தினமும் தயிர்சாதமும் உருளைக்கிழங்குமாகவே போகிறது, எப்படி மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். அளவுக்கு ஒரு கணக்கு வேண்டுமென்றால் அங்கன்வாடியில் 2023 வரை இருந்ததைப் பாருங்கள்: 3 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு வீட்டுச் சாப்பாட்டுக்கு மேலே ஒரு நாளைக்கு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம். கலோரி சோற்றிலேயே வந்துவிடும், இடிப்பது புரதம்தான். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். மீதிக்குக் கெட்டிப் பருப்பு, தயிர், மசித்த சுண்டல். முட்டை சாப்பிடாத வீட்டுப் பிள்ளைக்குப் பருப்பையும் தயிரையும் கூட்டிக் கொடுங்கள்.

அப்புறம் கேழ்வரகு. நம்ம வட ஆற்காட்டுப் பக்கம் களி இல்லாத வீடு ஏது? 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. களியைச் சின்னதுகள் விழுங்கத் திணறினால் கூழாகக் கரையுங்கள், இல்லையென்றால் முருங்கைக்கீரை போட்டு மெத்தென்று அடை. கீரை போடும் நாளில் ஒரு துண்டு கொய்யாவோ எலுமிச்சை பிழிந்த பருப்போ சேர்ந்தால் கீரையிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாக ஒட்டும், டீ கொடுத்தால் அது கெடும் (இந்த வயதில் டீயே வேண்டாம் என்பேன்).

வேர்க்கடலை நல்லதுதான், ஆனால் முழுசாகக் கொடுக்கவே கூடாது, மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். துவையலாக அரையுங்கள், அதற்கும் முன்னால் ஒவ்வாமை உண்டா என்று பெற்றோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். காய் பிடிக்கவில்லை என்று தள்ளினால் திணிக்காதீர்கள், நாலு நாள் கழித்து மறுபடி ஒரு ஸ்பூன் வையுங்கள். வேலூர் வெயிலில் சமைத்ததை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம்.