பையை விடு, ஸ்கூட்டரையும் கிளாஸையும் கவனி

கேள்வி: எனக்கு வயது 19. செமஸ்டர் லீவில் நண்பர்கள் இருவரோடு பாங்காக், சியாங் மாய், அப்புறம் லாவோஸ் என்று மூன்று வாரம் பேக்பேக்கிங் போகிறேன். எவ்வளவு பெரிய பை வாங்குவது, என்னென்ன எடுத்து வைப்பது? வீட்டில் பயப்படுகிறார்கள்.
- வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, பை விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், வீட்டில் பயப்படுவது அதற்காக இல்லை. 40 லிட்டர் பை தாராளம். நாலு செட் துணி, ஒரு மழைக்கோட்டு போதும், துவைத்துத் தர அங்கே எங்கு பார்த்தாலும் கடை இருக்கிறது. பவர்பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பையில் கூடாது. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் அட்டையோடும் டாக்டர் சீட்டோடும் எடுத்துக்கொள். வேப் எனும் இ-சிகரெட் வேண்டவே வேண்டாம், தாய்லாந்தில் சட்டவிரோதம். பணத்தையும் கார்டுகளையும் ஒரே இடத்தில் வைக்காதே.

இனிமேல் சொல்வதைத்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். ஸ்கூட்டர் வாடகைக் கடையில் பாஸ்போர்ட்டை டெபாசிட்டாகக் கேட்பார்கள், கொடுக்காதே. திருப்பித் தரும்போது இல்லாத கீறலுக்குக் காசு கேட்டால், பாஸ்போர்ட் அவன் டிராயரில் இருக்கும்வரை உன்னால் எதிர்த்துப் பேச முடியாது. பணமாக டெபாசிட் வாங்கும் கடையாகப் பார், வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்துக்கொள். டூவீலர் லைசன்ஸும் ஆர்டிஓ தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இல்லாமல் ஓட்டி விழுந்தால், டிராவல் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் கைவிரித்துவிடும், ஆஸ்பத்திரி பில் முழுக்க உன் வீட்டின் தலையில் விழும். சியாங் மாயிலிருந்து பாய் என்ற ஊருக்குப் போகும் மலைப்பாதையில் 762 வளைவுகள் என்று டி-ஷர்ட்டிலேயே போட்டு விற்கிறார்கள். அதில் வேனில் போ, தயவுசெய்து.

லாவோஸில் எனக்குப் பெரிய கவலை குடி. நீ குடிக்கிறவனா இல்லையா என்று கேட்கவில்லை, நண்பர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். 2024 நவம்பரில் வாங் வியெங் என்ற சுற்றுலா ஊரில் மதுவில் கலந்திருந்த மெத்தனால் விஷத்தால் வெளிநாட்டுப் பயணிகள் ஆறு பேர் இறந்தார்கள், அதில் இரண்டு ஆஸ்திரேலியப் பெண்களுக்கு உன் வயதுதான், 19. அதே வருடம் ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் பலிவாங்கியதும் மெத்தனால்தான். கலந்திருந்தால் ருசியிலோ வாசனையிலோ கண்டுபிடிக்க முடியாது. ஹாஸ்டலில் இலவசமாக நீட்டும் ஷாட், பக்கெட்டில் கலந்து தரும் காக்டெய்ல், பெயரில்லாத பாட்டில் எதையும் தொடாதீர்கள். மறுநாள் யாருக்காவது கண் மங்கினாலோ மூச்சு வாங்கினாலோ ஹேங்கோவர் என்று தூங்கவிடாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், மணிக்கணக்கில் தாமதித்தால் பார்வையோ உயிரோ போய்விடும்.

யார் கொடுத்தாலும் அடுத்தவர் பையையோ பார்சலையோ எல்லை தாண்டித் தூக்காதே. பழகியவர் யாராவது தாய்லாந்தில் நல்ல சம்பளத்துக்கு டேட்டா என்ட்ரி வேலை இருக்கிறது என்றால் பேச்சை அங்கேயே நிறுத்து. அப்படி நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பலிடம் சிக்கி, 2022-ல் மீட்கப்பட்டு வந்தார்கள்.

பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீஸ் புகார், பிறகு இந்தியத் தூதரகம். பாங்காக்கிலும் லாவோஸ் தலைநகர் வியன்டியானிலும் இருக்கிறது, ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் தருவார்கள். தாய்லாந்து டூரிஸ்ட் போலீஸ் எண் 1155, மூன்று பேர் போனிலும் இப்போதே பதிந்துவையுங்கள். தாய்லாந்தில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது, காசு கேட்கும் தளம் அரசுடையது அல்ல.