நியமன செனட்டருக்குச் சொந்தக் கட்சியிலேயே எதிரி: கேள்வி பதில்

அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் இடையில் காலியான இடத்துக்கு நியமிக்கப்பட்டு, பிறகு தம் கட்சிக்குள்ளேயே, அதாவது கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே முடிவுசெய்யும் உட்கட்சித் தேர்தலில், போட்டியைச் சந்தித்தவர்களைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றையும் என் பதில்களையும் வரிசையாகத் தருகிறேன்.

செனட்டரை ஆளுநர் எப்படி நியமிக்க முடியும்? அது மக்கள் தேர்ந்தெடுக்கும் பதவி அல்லவா? (திருச்சி வாசகர்)

1913இல் வந்த 17ஆவது அரசியல் சட்டத் திருத்தம்தான் செனட்டரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுத்தது. இறப்பாலோ ராஜினாமாவாலோ இடம் காலியானால், தேர்தல் நடக்கும் வரை தற்காலிகமாக ஒருவரை நியமிக்கும் அதிகாரத்தை மாநிலச் சட்டமன்றம் ஆளுநருக்கு வழங்கலாம் என்றும் அதே திருத்தம் சொல்கிறது. எப்போது தேர்தல், யாரை நியமிக்கலாம் என்பவை மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

ஓர் எச்சரிக்கை. அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மாநிலத் தலைவர். நம் ஊரில் முதல்வர் செய்யும் வேலையை அவர் செய்கிறார். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நியமனம் பெற்றவர் உட்கட்சித் தேர்தலில் தோற்றதற்கு மறக்க முடியாத ஓர் உதாரணம் சொல்லுங்கள். (சென்னை வாசகி)

ஒஹையோ, 1974. இதைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்குச் சலிக்காது.

செனட்டர் வில்லியம் சாக்ஸ்பி, நிக்சன் அரசில் அட்டர்னி ஜெனரலாக (சட்டத்துறை அமைச்சர் போன்ற பதவி) போனார். காலியான இடத்தை ஆளுநர் ஜான் கிலிகன், தொழிலதிபரும் வழக்கறிஞருமான ஹோவர்ட் மெட்சன்பாமுக்குக் கொடுத்தார். அந்த இடத்துக்கு ஆசைப்பட்ட இன்னொருவர் ஜான் கிளென். பூமியைச் சுற்றிவந்த முதல் அமெரிக்கர். 1970 உட்கட்சித் தேர்தலில் இதே மெட்சன்பாமிடம் தோற்றவர். தன்னோடு துணை ஆளுநர் வேட்பாளராக நிற்கும்படி கிலிகன் கேட்டதற்கு கிளென் மறுத்துவிட்டு, செனட்டுக்கே மனு போட்டார்.

கிளென் சம்பளத்துக்கு வேலை பார்த்தவரே அல்லர் என்ற பொருளில் மெட்சன்பாம் பேசிவந்தார். வணிகத்தில் தான் சம்பாதித்ததையும் கிளென் அரசுப் பணத்தில் வாழ்ந்ததையும் ஒப்பிடுவது அவர் நோக்கம். தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தபோது, கிளீவ்லாந்து சிட்டி கிளப் விவாத மேடையில் கிளென் பதில் சொன்னார். மரைன் படையில் 23 ஆண்டுகள், இரண்டு போர்கள், 149 தாக்குதல் பறப்புகள் என்று தன் கணக்கைச் சொன்னார். அதோடு விட்டுவிடவில்லை. என்னோடு படைவீரர் மருத்துவமனைக்கு வாருங்கள், உடல் சிதைந்து கிடப்பவர்களின் கண்ணைப் பார்த்து அவர்கள் வேலை பார்க்கவில்லை என்று சொல்லுங்கள் என்றார். மகனைப் போரில் பறிகொடுத்த தாய்மாரிடம் வந்து சொல்லுங்கள் என்றார். படைவீரர்களைப் புதைத்திருக்கும் ஆர்லிங்டன் கல்லறைக்கு வாருங்கள் என்றார். அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. மெட்சன்பாம் அதே மேடையில் உட்கார்ந்திருந்தார். கிளென் வென்றார்.

இங்கே கவனிக்க வேண்டியது, நாற்காலி மெட்சன்பாமிடம்தான் இருந்தது. ஆளுநரின் ஆதரவும் இருந்தது. ஆனால் செனட்டர் என்ற பட்டம் மக்கள் மனத்தில் ஒட்டவே இல்லை. நியமித்து நான்கு மாதங்கள்தான் ஆகியிருந்தன. தேர்ந்தெடுக்கப்பட்ட செனட்டர் வாக்காளரிடம் ‘நீங்கள் தந்த இடம்’ என்று சொல்லலாம். நியமனம் பெற்றவருக்கு அந்த வாக்கியம் கிடையாது.

அப்படியானால் நியமனம் பெற்றவர்கள் எல்லோருமே தோற்கிறார்களா? (கோவை வாசகர்)

இல்லை. கொலராடோவில் 2009இல் நியமிக்கப்பட்ட மைக்கேல் பென்னட், அடுத்த ஆண்டு ஆண்ட்ரூ ரோமனோஃபின் சவாலைச் சமாளித்து வென்றார். ரோமனோஃப் சொந்த வீட்டை விற்றுப் பிரசாரத்துக்குப் பணம் போட்டவர். பில் கிளின்டன் அவர் பக்கம், ஒபாமா பென்னட் பக்கம். நியூயார்க்கில் கிர்ஸ்டன் கில்லிபிராண்டை எதிர்க்கப் பெரிய பெயர்கள் பல எழுந்தன, ஒவ்வொன்றாக ஒதுங்கிவிட்டன.

தோற்றவர்களும் குறைவில்லை. ஜார்ஜியாவில் ஜிம்மி கார்ட்டர் நியமித்த டேவிட் கேம்ப்ரெலை 1972இல் சாம் நன் வீழ்த்தினார். மொன்டானாவில் 1978இல் பால் ஹாட்ஃபீல்டை மேக்ஸ் பாக்கஸ். கன்சாஸில் 1996இல் ஷீலா ஃப்ராமை சாம் பிரவுன்பேக். பாப் டோல் விட்டுச்சென்ற இடத்தில் ஃப்ராம் இரண்டு மாதம் உட்கார்வதற்குள் உட்கட்சித் தேர்தல் வந்துவிட்டது.

அலபாமாவில் லூதர் ஸ்ட்ரேஞ்சுக்கு டிரம்ப்பே ஆதரவு கொடுத்தும் ஏன் தோற்றார்? (டல்லாஸ் வாசகர்)

அந்த நாற்காலி எந்தக் கையிலிருந்து வந்தது என்று பாருங்கள். நான் எப்போதும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

2016 நவம்பரில் அலபாமா ஆளுநர் ராபர்ட் பென்ட்லி மீது பதவி நீக்க விசாரணை நடந்துகொண்டிருந்தது. மாநில அட்டர்னி ஜெனரலாக இருந்த ஸ்ட்ரேஞ்ச், தன் அலுவலகம் தொடர்புடைய பணியைச் செய்துவருவதால் விசாரணையை நிறுத்தி வைக்கும்படி சட்டமன்றக் குழுவைக் கேட்டுக்கொண்டார். 2017 பிப்ரவரியில் ஜெஃப் செஷன்ஸ் விட்டுச்சென்ற செனட் இடத்தை அதே பென்ட்லி அவருக்குக் கொடுத்தார். ஏப்ரலில் பென்ட்லி இரு குற்றங்களை ஒப்புக்கொண்டு ராஜினாமா செய்தார். அடுத்து வந்த ஆளுநர் கே ஐவி, 2018இல் நடக்கவிருந்த தேர்தலை 2017க்கே இழுத்துவிட்டார். ஸ்ட்ரேஞ்சுக்கு மூச்சுவிட நேரமில்லை. உட்கட்சித் தேர்தலின் முதல் சுற்றில் அவரை எதிர்த்து நின்ற ராய் மூர் 39 சதவீதம், ஸ்ட்ரேஞ்ச் 33. இரண்டாம் சுற்றில் மூர் 55, ஸ்ட்ரேஞ்ச் 45.

உங்கள் பதிலை ஏற்க முடியவில்லை. அந்தத் தோல்விக்குக் காரணம் பென்ட்லி அல்ல, செனட்டில் குடியரசுக் கட்சித் தலைவராக இருந்த மிட்ச் மெக்கானல் மீதிருந்த வெறுப்புதான். (அதே டல்லாஸ் வாசகர்)

மெக்கானல் தரப்பு கோடிக்கணக்கில் செலவழித்ததும், அதுவே மூருக்குப் பிரசார ஆயுதமானதும் உண்மை. ஆனால் மெக்கானல் ஏன் அவ்வளவு செலவழிக்க வேண்டியிருந்தது? அலபாமா முழுவதும் இரண்டு முறை அட்டர்னி ஜெனரல் தேர்தலில் வென்றவர் ஸ்ட்ரேஞ்ச். அந்த மனிதருக்கே சொந்தக் கட்சியில் மூன்றில் ஒரு பங்கு வாக்குதான் கிடைத்தது என்றால், இடையில் நடந்தது என்ன என்று கேட்க வேண்டாமா? இடையில் நடந்தது பென்ட்லியின் நியமனம்.

மூர் யாரை எதிர்த்திருந்தாலும் வென்றிருப்பார். அந்த மாநிலத்தில் அவருக்கென்று ஒரு கூட்டம் உண்டு. இதில் நியமனத்துக்கு என்ன பங்கு? (சிங்கப்பூர் வாசகர்)

கூட்டம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கூட்டத்தின் அளவையும் பாருங்கள். மூர் 2006இலும் 2010இலும் ஆளுநர் பதவிக்கான உட்கட்சித் தேர்தலில் நின்று இரண்டு முறையும் தோற்றவர். 2010இல் நான்காவது இடம். அசைக்க முடியாத வேட்பாளர் என்றால் இப்படி நடந்திருக்காது. 2017இல் அவருக்குப் புதிதாகக் கிடைத்தது எதிரே நின்ற ஸ்ட்ரேஞ்ச் என்ற இலக்கு.

பென்ட்லி மீதுதான் கோபம் என்றால், டிரம்ப் ஹன்ட்ஸ்வில் கூட்டத்தில் வந்து கேட்டுக்கொண்டபோது அது தணிந்திருக்க வேண்டுமே? (மறுபடியும் டல்லாஸ் வாசகர்)

அந்தக் கூட்டத்தின் பதிவைப் பாருங்கள். ஆதரவு தந்ததே தவறாக இருக்கலாம் என்று டிரம்ப் மேடையிலேயே சொன்னார். வாக்கு கேட்க வந்தவர் பேசும் பேச்சா அது? மேலும், ஒருவர் தன் செல்வாக்கை இன்னொருவருக்குக் கடன் கொடுக்கலாம். ஆனால் வாங்கியவர் மேல் படிந்த கறை அதனால் போகாது. டிசம்பரில் மூர் ஜனநாயகக் கட்சியின் டக் ஜோன்ஸிடம் தோற்று, அந்த இடமே குடியரசுக் கட்சியின் கையை விட்டுப் போனது. பென்ட்லி அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்த நாளில் தொடங்கிய சரிவு அது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அலபாமாவை இத்துடன் நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஆளுநர் தன்னைத்தானே செனட்டராக்கிக்கொள்ள முடியுமா? (மதுரை வாசகர்)

சுற்றுவழியில் முடியும். ஆளுநர் ராஜினாமா செய்வார், அவர் இடத்துக்கு வருபவர் அவரையே நியமிப்பார். வாக்காளர்கள் இதை மன்னிப்பது மிக அரிது. தென் கரோலினாவில் 1965இல் டொனால்ட் ரஸ்ஸல் இப்படிப் போனார். அடுத்த ஆண்டே உட்கட்சித் தேர்தலில் எர்னஸ்ட் ஹாலிங்ஸ் அவரைத் தோற்கடித்து, 2005 வரை செனட்டில் இருந்தார். மினசோட்டாவில் வெண்டல் ஆண்டர்சன் 1976இல் இதையே செய்து 1978 பொதுத்தேர்தலில் தோற்றார்.

ஆளுநரை மத்திய அரசுதானே அனுப்புகிறது? அப்படியென்றால் செனட்டர் நியமனம் ஜனாதிபதியின் விருப்பம்தானே? (சேலம் வாசகர்)

இல்லை. முதல் பதிலின் இரண்டாம் பத்தியைப் படியுங்கள்.

லிசா முர்கோவ்ஸ்கியை அப்பாவே நியமித்தாரே, அதனால்தானே 2010இல் தோற்றார்? (கொழும்பு வாசகி)

அலாஸ்கா ஆளுநரான அப்பா, தான் விட்டுவந்த செனட் இடத்துக்கு மகளை 2002இல் நியமித்தார். ஆனால் 2004இல் அவர் மக்களிடம் வாக்கு வாங்கி வென்றுவிட்டார். 2010 உட்கட்சித் தேர்தலில் ஜோ மில்லரிடம் தோற்றபோது அவர் நியமன செனட்டர் அல்லர். இந்த இரண்டையும் கலக்காதீர்கள்; பலரும் கலக்கிறார்கள். நவம்பரில் வாக்குச்சீட்டில் பெயரே இல்லாமல், வாக்காளர்கள் கையால் எழுதிய வாக்குகளால் வென்றார் என்பது தனிக் கதை. நியமனத்துக்கான தண்டனை அப்பாவுக்குத்தான் விழுந்தது: 2006 உட்கட்சித் தேர்தலில் சாரா பேலினிடம் தோற்று மூன்றாம் இடத்துக்குப் போனார்.

2028இல் ஜனாதிபதி யார்? (பெயர் எழுதாதவர்)

இது இந்தப் பகுதிக்கான கேள்வி அல்ல.

ஆளுநர் நம் ஊர் ஆளுநர் போலத்தானே? (ஈரோடு வாசகர்)

மூன்றாம் முறையாகச் சொல்கிறேன்: இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்.

இறந்துபோன செனட்டரின் விருப்பத்தை மீறி நியமித்தால் என்ன ஆகும்? ஹவாயில் நடந்ததாகப் படித்தேன். (மலேசிய வாசகி)

நல்ல கேள்வி. 2012 டிசம்பரில் டேனியல் இனோயே இறக்கும் முன், தன் இடத்துக்கு காலீன் ஹனபூசா வர வேண்டும் என்று கடிதம் எழுதினார். அங்கே கட்சி மூன்று பெயர்களைக் கொடுக்க வேண்டும், ஆளுநர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆளுநர் நீல் அபர்க்ராம்பி தன் துணை ஆளுநரான பிரையன் ஷாட்ஸைத் தேர்ந்தெடுத்தார். பலருக்கு அது ஆறாத மனவருத்தம்.

2014 ஆகஸ்ட் உட்கட்சித் தேர்தலில் ஹனபூசா எதிர்த்து நின்றார். தேர்தலுக்கு முந்தைய நாள் இசெல் புயல் பெரிய தீவைத் தாக்கியது. பூனா பகுதியில் மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டன, மின்சாரம் போயிற்று. இரண்டு வாக்குச்சாவடிகளில் தேர்தல் ஒரு வாரம் தள்ளிப்போனது. இன்னும் அவகாசம் வேண்டும் என்று ஹனபூசா நீதிமன்றம் போனார், கிடைக்கவில்லை. கடைசியில் ஷாட்ஸ் இரண்டாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் தப்பினார். நியமித்த அபர்க்ராம்பியோ அதே நாளில் உட்கட்சித் தேர்தலில் டேவிட் இகேயிடம் படுதோல்வி அடைந்தார்.

தோற்ற மெட்சன்பாம் பிறகு என்ன ஆனார்? (சென்னை வாசகி, இரண்டாம் முறை)

இதைக் கேட்டதற்கு நன்றி. 1974 டிசம்பரில் பதவிக்காலம் முடியும் முன்பே ராஜினாமா செய்து, கிளென் சில நாட்கள் முன்னதாகவே செனட்டில் அமர வழிவிட்டார். அதனால் கிளெனுக்குப் பணிமூப்பு கிடைத்தது. 1976இல் ஒஹையோவின் மற்றொரு செனட் இடத்துக்கு நின்று மெட்சன்பாம் தானே வென்றார். இருவரும் ஒரே மாநிலத்துக்காகப் பல ஆண்டுகள் ஒரே அவையில் உட்கார்ந்திருந்தார்கள், உறவு நெடுநாள் கசந்தே இருந்தது. 1988இல் எதிர்க்கட்சி வேட்பாளர் மெட்சன்பாம் மீது மோசமான ஒரு குற்றச்சாட்டை வீசியபோது, அதை மறுத்துத் தொலைக்காட்சி விளம்பரத்தில் தோன்றிப் பேசியவர் ஜான் கிளென்.