கீழக்கரைப் பள்ளியின் முகப்பு

கேள்வி: கீழக்கரை ஜும்ஆப் பள்ளிவாசலின் முன்மண்டபம் கோயில் மண்டபம் போலவே இருக்கிறதே, ஏன்? (வாசகர், பரமக்குடி)

பதில்: 17ஆம் நூற்றாண்டில் வள்ளல் சீதக்காதியின் கொடையால் எழுந்ததாகச் சொல்லப்படும் அப்பள்ளியை, கோயில் பணியில் தேர்ந்த கல்தச்சர் மரபிலேயே, வரிசைத் தூண்கள், அவற்றின் மேல் உத்திரத்தைத் தாங்கும் பொதிகைகள், தட்டையான கற்கூரை என்று தமிழகத்துக்குப் பழகிய இலக்கணத்தில் கட்டியிருக்கிறார்கள். மசூதிக்கே 'பள்ளிவாசல்' என்று வாசலையும் சேர்த்துப் பெயரிட்ட மொழியல்லவா நம்முடையது! குவிமாடமும் வளைவும் இருந்தால்தான் பள்ளி என்பது பிற்காலத்து எண்ணம். தூணருகே நின்று பாருங்கள்: கோயிலில் தெய்வ உருவங்களும் யாளிகளும் நிற்கும் இடத்தில், உருவம் கூடாது என்ற மார்க்க நெறிக்கு இணங்க, இங்கே பூக்களும் கொடிகளும் கோலம் போன்ற வடிவங்களுமே செதுக்கப்பட்டுள்ளன. இதைக் கலப்புப் பாணி என்பார்கள். உள்ளூர்ப் பாணி என்பதே பொருத்தம் என்பேன்.