பாக்கெட் கேமரா: இந்த வாரக் கேள்விகள்

அண்ணா, நல்ல கேமரா ஒண்ணு சொல்லுங்க.

நான் என்ன கிளி ஜோசியமா பாக்குறேன்? எவ்வளவு ரூபா, எடுக்கப்போறது குழந்தையா கோயிலா பறவையா, பேண்ட் பாக்கெட்டா ஹேண்ட்பேகா, மூணையும் எழுதிட்டு வாங்க.

என் போன்லயே 200 மெகாபிக்சல். 20 மெகாபிக்சல் கேமராவ எதுக்கு வாங்கச் சொல்றீங்க?

அந்த 200-ஐயும் நகத்தளவு சென்சார்ல, அதாவது வெளிச்சத்தப் படமாக்குற சிப்புல, அடைச்சிருக்கான், பல நேரம் போனே பதினாறு பதினாறா சேத்து 12-ஆத்தான் குடுக்குது. பகல் வெளிச்சத்துக்கு போன் போதும், இல்லேங்கல. கல்யாண மண்டபத்துல பின்வரிசைல உக்காந்து ஜூம் பண்ணிப் பாருங்க, அப்ப தெரியும். 1 இன்ச் சென்சார்னா சுமாரா 13க்கு 9 மில்லிமீட்டர், அந்த 'இன்ச்' பழைய டிவி கேமரா ட்யூப் காலத்துப் பேரு, ஸ்கேல வெச்சு அளந்துட்டு சண்டைக்கு வராதீங்க.

சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7-ஆ, ரிக்கோ ஜிஆர் 3-ஆ?

ஜூம் வேணும்னா சோனி, 24 மில்லிமீட்டர்ல இருந்து 200 வரைக்கும் போகும், நம்பர் ஏற ஏற தூரத்துல இருக்கறது கிட்ட வரும். தெருவுல நடந்துக்கிட்டே எடுக்குற ஆளுன்னா ரிக்கோ. ஜூம் இல்லாம 28 மட்டுந்தான், ஃப்ளாஷும் கிடையாது, ஆனா 1 இன்ச்ச விடப் பெரிய ஏபிஎஸ்-சி சென்சார வெச்சுக்கிட்டு 250 கிராம் சொச்சம். பேட்டரி 200 படத்துல படுத்துடும், பாக்கெட் தூசி சென்சார் வரைக்கும் போகும், அதனால சின்னத் துணிப்பைல போட்டு வைங்க. எதை வாங்கினாலும் கைல ஸ்ட்ராப் மாட்டாம வெளிய எடுக்காதீங்க.

பொண்ணு பழைய சிசிடி கேமராதான் வேணும்னு அடம் பிடிக்கிறா.

சிசிடின்னா பழைய டிஜிட்டல் கேமராவுல இருந்த சென்சார் வகை. வாங்கிக் குடுங்க, ஆனா மெமரி கார்டு என்னன்னு பாத்துட்டு. வழக்கொழிஞ்சுபோன எக்ஸ்டி கார்டுன்னா தேடி அலையணும், ரொம்பப் பழசுன்னா 2 ஜிபி எஸ்டிக்கு மேல ஏத்துக்காது. 'ஃபிலிம் லுக்'னு சொல்லி ரெண்டு மடங்கு விலை கேட்டா நடையக் கட்டுங்க.

ரெண்டு வருஷமா பீரோல இருந்த கேமரா. லென்ஸ்ல சிலந்தி வலை மாதிரி இருக்கு, துடைச்சாலும் போகல. ஊர் சென்னை.

எப்படிப் போகும், அது உள்ள இருக்கு. பூஞ்சை. மாசத்துக்கு நாலு பேராவது இதையே எழுதறாங்க, நானும் தொண்டத்தண்ணி வத்த சொல்லிட்டேன். கடலோர ஊர்ல, ஐப்பசி கார்த்திகை மழைல, லெதர் பவுச்சுக்குள்ள கேமராவ வெச்சு பீரோவப் பூட்டுறது பூஞ்சைக்குப் பந்தி போட்டு எல போடுற மாதிரி, லெதர் ஈரத்தப் பிடிச்சு வெச்சுக்கும், பீரோல காத்தும் வராது. நானும் ஒண்ணப் பறிகொடுத்தவன்தான். டார்ச்ச ஒரு பக்கம் அடிச்சு மறுபக்கம் பாத்தேன், கண்ணாடி ஓரத்துல இருந்து நடு வரைக்கும் வெள்ள நூல் நூலா, மரத்து வேர் மாதிரி ஓடியிருந்துச்சு. சர்வீஸ் கடைல லென்ஸ் யூனிட்டையே மாத்தணும்னு ஒரு தொகை சொன்னாங்க, அதுக்கு செகண்ட்ஹேண்ட்ல அதே கேமராவே கிடைக்கும். ரப்பர் வாஷர் வெச்ச டிபன் டப்பா, உள்ள நாலு சிலிக்கா ஜெல் பாக்கெட், கலர் மாறுனா மாத்துங்க, அவ்வளவுதான் செலவு. அரிசிப் பானைல போடாதீங்க, அந்த மாவு வேற உள்ள போகும். அதவிட, பீரோல வைக்கிறதுக்கா சார் பாக்கெட் கேமரா வாங்கினீங்க?

அந்தமான் போறோம். தண்ணிக்குள்ள எடுக்க ஓஎம் சிஸ்டம் டிஜி-7 சரியா?

சரி. 15 மீட்டர் வரைக்கும் தாங்கும். பேட்டரி மூடி ரப்பர்ல ஒத்தத் தலைமுடி மாட்டியிருந்தாலும் தண்ணி உள்ள வந்துடும், பாத்து மூடுங்க, வெளிய வந்ததும் நல்ல தண்ணில ஊறப் போடுங்க. மறுபடியும் சொல்றேன், ஸ்ட்ராப். அது மிதக்காது.