டிசிஎஸ் வேர்ல்டில் ஜெட் ஓட்டுவதும் சண்டை போடுவதும்: கேள்வி பதில்

ஈகிள் டைனமிக்ஸ் வெளியிடும் டிசிஎஸ் வேர்ல்ட் சிமுலேட்டர் பற்றி வந்த கேள்விகள் இவை. தூரம் கடல் மைலில், வேகம் நாட் (knot, மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில், உயரம் அடியில்.

கேள்வி: அண்ணா, எஃப்-16 வாங்கவா, ஹார்னெட் (எஃப்/ஏ-18, கப்பலில் இறங்கும் போர் விமானம்) வாங்கவா? இதுவரை எதுவும் ஓட்டியதில்லை.

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். டிசிஎஸ் இலவசம். கூடவே எஸ்யு-25டி, டிஎஃப்-51 என்று இரண்டு விமானங்களும், காகசஸ், மரியானா என்று இரண்டு வரைபடங்களும் காசில்லாமல் வரும். எஸ்யு-25டியில் ரேடார் கிடையாது, லாரி மாதிரி கனமாகத் திரும்பும். அதில் பத்து தடவை ஒழுங்காக இறக்கக் கற்றவருக்கு எஃப்-16 விளையாட்டுப் பொருள். அதன் பிறகு, ஸ்டீம் வழியாக அல்லாமல் அவர்கள் தளத்திலிருந்தே இறக்கிய பதிப்பில், பிடித்த விமானத்தை 14 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். கப்பலில் இறங்க ஆசை இருந்தால் ஹார்னெட், இல்லையென்றால் எஃப்-16. இரண்டையும் ஒரே மாதத்தில் வாங்கினால் இரண்டுமே கைவராது.

கேள்வி: ஜாய்ஸ்டிக்கைத் தொடாமலேயே விமானம் ஒரு பக்கமாக உருள்கிறது. ஜாய்ஸ்டிக் பழுதா?

பெரும்பாலும் இல்லை. புதிதாக எந்தக் கருவியைச் செருகினாலும் டிசிஎஸ் தானாகவே அதன் அச்சுகளை ரோல் (பக்கவாட்டில் உருள்வது), பிட்ச் (மூக்கு மேலே கீழே போவது) எல்லாவற்றிலும் கட்டிவிடும். உங்கள் திராட்டிலோ (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி) பெடலோ ரோலிலும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும். கன்ட்ரோல்ஸ் பக்கத்தில் அந்த விமானத்தைத் தேர்ந்தெடுத்து, அச்சுகளின் பட்டியலை மட்டும் காட்டச் சொல்லுங்கள். ஒரு வரிசையில் ஒரு கருவிக்குத்தான் இடம், மற்ற கட்டங்களை அழித்துவிடுங்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டும்.

அதே பக்கத்தில் பிட்ச், ரோல் வளைவை (ஸ்டிக்கின் நடுப்பகுதியை மென்மையாக்கும் அமைப்பு) 15 வரை ஏற்றலாம். அதற்கு மேல் போனால் நடுவில் மந்தமாகவும் ஓரத்தில் திடீரென்றும் இருக்கும், வானில் எரிபொருள் நிரப்பும்போது அழுகை வரும்.

கேள்வி: எஃப்-16ஐ நானே ஸ்டார்ட் செய்து கிளம்பினால் ஹட்டில் (HUD, கண்முன் இருக்கும் கண்ணாடித் திரை) காட்டுவதெல்லாம் தப்பாக இருக்கிறது. தானியங்கி ஸ்டார்ட்டில் சரியாக இருக்கிறது. எங்கே விட்டேன்?

ஐஎன்எஸ் (விமானம் எங்கே, எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கணிக்கும் கருவி) முழுதாகச் சீராகும் முன் நகர்ந்திருக்கிறீர்கள். மெயின் பவர், எஞ்சினைச் சுழற்றிவிடும் ஜேஎஃப்எஸ்-ஐ ஸ்டார்ட் 2-க்குத் தள்ளுதல், எஞ்சின் சுழற்சி 20 சதவீதம் ஆனதும் திராட்டிலை ஐடிலுக்கு (குறைந்தபட்ச விசை) கொண்டுவருதல், இது வரை எல்லோரும் சரியாகச் செய்கிறார்கள். ஐஎன்எஸ் குமிழை நார்மில் வைத்தால் சுமார் 8 நிமிடம், ஸ்டோர்டு ஹெடிங்கில் வைத்தால் ஒன்றரை நிமிடம் ஆகும். ரெடி என்ற எழுத்து மினுக்கும் வரை பிரேக்கை விடாதீர்கள். மினுக்கியதும் குமிழை நேவுக்குத் திருப்ப மறந்தாலும் இதே கதைதான்.

அந்தப் பக்கத்திலேயே எம்ஐடிஎஸ் குமிழையும் ஆன் செய்யுங்கள். அது ஆஃபில் இருந்தால் லிங்க் 16 (விமானங்கள் தகவல் பரிமாறும் வலை) வராது, நண்பர்கள் யார் என்றே திரையில் தெரியாது. ஆன்லைனில் சொந்த ஆளைச் சுட்டுவிட்டு மன்னிப்புக் கேட்பவர்களில் பாதிப் பேர் இந்தக் குமிழை மறந்தவர்கள்தான்.

கேள்வி: எஃப்-16 ரன்வேயில் இறங்க மறுத்து மிதந்துகொண்டே போகிறது. வம்படியாக இறக்கினால் வால் உரசுகிறது.

வேகத்தைப் பார்த்து இறக்குகிறீர்கள். கோணத்தை, அதாவது விமானம் போகும் திசையைவிட மூக்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்பதைப் பார்த்து இறக்க வேண்டும். 300 நாட்டுக்குக் கீழே வந்ததும் சக்கரத்தை இறக்குங்கள், ஸ்பீட் பிரேக்கை விரியுங்கள். இப்போது ஹட்டில் ஒரு அடைப்புக்குறி தோன்றும். அதன் மேல் முனை 11 டிகிரி, நடு 13, கீழ் முனை 15. விமானம் போகும் இடத்தைக் காட்டும் சின்ன வட்டத்தை ரன்வேயின் தொடக்கத்தில் வைத்து, அந்த வட்டம் அடைப்புக்குறியின் மேல் முனையோடு ஒட்டும்படி திராட்டிலைச் சரி செய்யுங்கள். தரை நெருங்கும்போது மூக்கை மெதுவாகத் தூக்கி வட்டத்தை நடுவுக்குக் கொண்டுவாருங்கள், திராட்டில் ஐடில். பின்சக்கரம் தொட்ட பிறகும் 13 டிகிரியைப் பிடித்துக்கொண்டே ஓடுங்கள், காற்றே பிரேக் போடும். சுமார் 100 நாட்டில் மூக்கை விடுங்கள். 15-ஐத் தாண்டினால்தான் வால் உரசும். மிதப்பதற்குக் காரணம் 11-க்குக் குறைவான கோணத்தில், அதாவது கூடுதல் வேகத்தில் வருவது.

ஹார்னெட்டுக்குக் கணக்கு வேறு: 8.1 டிகிரி. டிரிம் (ஸ்டிக்கை விட்டாலும் மூக்கை அதே நிலையில் வைக்கும் அமைப்பு) போட்டு அந்தக் கோணத்தில் நிறுத்திவிட்டு, உயரத்தைத் திராட்டிலால் மட்டும் பிடியுங்கள். கப்பலில் சக்கரம் பட்ட நொடியில் திராட்டில் முழுதாக முன்னே போக வேண்டும். விமானத்தின் கொக்கி கப்பல் தளத்துக் கம்பியைப் பிடித்ததா என்று பார்த்துவிட்டுத் தள்ளலாம் என்று காத்திருந்தால் கடலில்தான் போய் விழுவீர்கள்.

கேள்வி: எதிரி 30 மைலில் இருக்கிறான் என்று அவாக்ஸ் (பெரிய ரேடாரோடு பறக்கும் கண்காணிப்பு விமானம்) சொல்கிறது. என் ரேடாரில் ஒன்றுமே இல்லை.

ரேடார் ஆன்டெனா வேறு உயரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். ரேடார் திரையில் கர்சரைத் தூக்கி 30 மைல் கோட்டில் வையுங்கள். கர்சர் பக்கத்தில் இரண்டு எண்கள் இருக்கும். 32, 14 என்றால் அந்தத் தூரத்தில் 14,000 அடி முதல் 32,000 அடி வரைதான் ரேடார் தேடுகிறது. எதிரி 6,000 அடியில் வந்தால் விடியும் வரை தெரிய மாட்டான். ஆன்டெனா உயரத்தை ஒரு சுழல் குமிழில் கட்டிக்கொண்டு, அவாக்ஸ் சொல்லும் உயரம் அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் வரும்படி திருப்புங்கள். கர்சரை அருகே இழுத்தால் எண்களின் இடைவெளி சுருங்கும். கிட்டே வரவர எதிரி தப்பிப்பது அதனால்தான்.

கேள்வி: பட்டனை அழுத்துகிறேன், ஆம்ராம் (ரேடார் வழிகாட்டும் ஏவுகணை) போகவே இல்லை.

ஆயுதப் பக்கத்தில் ஆர்டிஒய் என்று இருக்கிறதா பாருங்கள். சிம் என்று இருந்தால் மாஸ்டர் ஆர்ம் (ஆயுதங்களின் முதன்மைச் சுவிட்ச்) பயிற்சி நிலையில் இருக்கிறது. எல்லாம் சரியென்றால், பட்டனைத் தட்டிவிட்டு எடுத்திருப்பீர்கள். எஃப்-16ல் ஒரு நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும்.

கேள்வி: சார், ஆன்லைனில் ஏறியவுடன் ஏவுகணை வாங்கிச் சாகிறேன். நாட்ச் (எதிரி ரேடாருக்குக் குறுக்கே பறந்து மறைவது) செய்தாலும் அடிக்கிறது. நாட்ச் உண்மையிலேயே வேலை செய்யுமா?

செய்யும். ஆனால் நீங்கள் முதலில் கற்க வேண்டியது ஓட்டம்.

நாட்ச் ஏன் வேலை செய்கிறது என்று தெரிந்தால் ஏன் தோற்கிறது என்பதும் புரியும். பல்ஸ் டாப்ளர் ரேடார் பொருளை அதன் நெருங்கும் வேகத்தை வைத்துப் பிரிக்கிறது. தரையிலிருந்து திரும்பும் அலைகளுக்கும் ஒரு வேகம் உண்டு, அவற்றை ரேடார் வடிகட்டி எறிந்துவிடும். நீங்கள் ரேடாருக்குச் சரியாகக் குறுக்கே, 90 டிகிரியில் பறந்தால் எதிரியை நோக்கிய உங்கள் வேகம் பூஜ்யம். தரையும் நீங்களும் ஒன்றாகத் தெரிவீர்கள், வடிகட்டி உங்களையும் சேர்த்து எறியும். அதனால் மூன்று விஷயங்கள் ஒன்றாக வேண்டும். அவனைவிடக் கீழே இருக்க வேண்டும், உங்கள் பின்னால் வானம் இருந்தால் வடிகட்ட ஒன்றுமில்லை. எச்சரிக்கைத் திரையில் அவன் குறி சரியாக 3 மணி (நேர் வலது) அல்லது 9 மணி (நேர் இடது) நிலையில் நிற்க வேண்டும். கூடவே சாஃப் (ரேடாரைக் குழப்பும் உலோகத் துகள்கள்) விட வேண்டும்.

ஏவுகணை தன் சொந்த ரேடாரை இயக்கியதும் திரையில் எம் என்ற குறி வரும். அதன் பிறகு எதிரி விமானத்தை மறந்துவிட்டு அந்த எம்-ஐ 3 அல்லது 9-ல் வையுங்கள். பலர் திசைகாட்டியில் ஒரு எண்ணைப் பிடித்து நேராகப் பறக்கிறார்கள். ஏவுகணை நகர்ந்துகொண்டே இருக்கிறது, நீங்களும் வளைந்துகொண்டே இருக்க வேண்டும். இன்னொரு தவறு, சத்தம் நின்றவுடன் மூக்கை அவன் பக்கம் திருப்புவது. அந்த நொடியில் திரும்பவும் தெரிந்துவிடுவீர்கள்.

ஓட்டம் இதைவிட எளிது. ஏவுகணையின் மோட்டார் சில நொடிதான் எரியும், பிறகு அது வெறும் கம்பி. 30,000 அடியில் எட்டும் தூரத்தில் பாதிகூடத் தரையோரம் எட்டாது. ஆகவே சுட்டதும் 50 டிகிரி பக்கவாட்டில் சாயுங்கள், இதுதான் கிராங்க். எஃப்-16 ரேடாரின் எல்லை 60 டிகிரி, அதைத் தாண்டினால் லாக் (இலக்கின் மேல் ரேடாரின் பிடி) போய்விடும். உங்கள் ஏவுகணை தன் ரேடாரைப் போட்டதும் முதுகைக் காட்டி ஓடுங்கள். மேலே மெல்லிய காற்றில் தட்டையாகத் திரும்பினால் நேரம் விரயம். விமானத்தைச் சாய்த்து மூக்கைக் கீழே விட்டபடி திரும்புங்கள், வேகமும் கூடும், தடித்த காற்றுக்குள் ஏவுகணையையும் இழுத்துவிடுவீர்கள். செத்தவர்களின் பதிவைப் பார்த்தால் பெரும்பாலும் ஐந்து நொடி தாமதம்தான், “அடிச்சிருக்குமா” என்று பார்த்துக்கொண்டு நேராகப் போன ஐந்து நொடி.

கேள்வி: கிட்டத்துச் சண்டையில் ஸ்டிக்கை இழுத்ததும் திரை கறுத்துவிடுகிறது.

ஒரே இழுப்பில் 9 ஜிக்கு (புவியீர்ப்பைப் போல் 9 மடங்கு அழுத்தம்) போனால் பைலட் மயங்குவார். முதலில் 4, 5 ஜியில் சில நொடி வளைந்து, பிறகு ஏற்றுங்கள். திரை ஓரம் இருளும்போதே கொஞ்சம் விடுங்கள், முழுதாக இருண்ட பின் விடுவது பயனற்றது.

இன்னொன்று: ஹார்னெட்டோடு எஃப்-16ல் மோதினால் வேகத்தை விட்டுவிடாதீர்கள். அவன் மெதுவாகப் பறக்கும்போதும் மூக்கை எங்கே வேண்டுமானாலும் திருப்புவான். 400 நாட்டுக்கு மேல் வைத்துக்கொண்டு, கடந்த பிறகு அவன் வாலை நோக்கி வளையுங்கள். வேகத்தைக் கொட்டி அவனோடு மூக்குக்கு மூக்கு சுற்றினால் அவன் வீட்டில் போய் அவனோடு சண்டை போடுவது போல.

கேள்வி: வானில் எரிபொருள் தரும் டேங்கர் விமானத்திடம் நிலையாக நிற்க முடியவில்லை, மேலும் கீழும் ஆடுகிறேன்.

எஃப்-16க்கு என்றால் கேசி-135 டேங்கரின் குழாய். எரிபொருள் கதவை நெருங்கும் முன்பே திறந்துவிடுங்கள், திறந்ததும் ஸ்டிக்கின் உணர்வு மாறும், அது குழாயின் கீழே வைத்து நடக்கக் கூடாது. குழாயைப் பார்க்காதீர்கள், டேங்கரின் வயிற்றைப் பாருங்கள். அங்கே இரண்டு விளக்கு வரிசைகள்: இடது வரிசை மேலே கீழே, வலது வரிசை முன்னே பின்னே. திராட்டிலை ஒரு மில்லிமீட்டர் தள்ளி, விளைவு தெரியும் முன்பே பாதியைத் திரும்ப எடுங்கள். ஆட்டம் தொடங்கிவிட்டால் திருத்தப் பார்க்காமல் கையை லேசாக்குங்கள், விமானமே நிற்கும். அதுவும் நிற்கவில்லை என்றால் 50 அடி பின்வாங்கி டிரிமைப் போட்டுவிட்டுத் திரும்ப வாருங்கள்.